திரும்பி வரும் அம்பு

அம்புக்குறிகள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் ஆபீஸில், ஆடிட்டுக்கான பேப்பர்களைத் தயார் செய்யும் சீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். தோல் உள்ளே வருவதிலிருந்து ஷூ பெட்டிக்குள் போவது வரை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், கட்டத்திலிருந்து கட்டத்துக்கு ஓர் அம்பு என்று படம் போட்டு, ஒவ்வொரு ஹால் வாசலிலும் ஒட்ட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஆடிட்டர் முதலில் அந்தப் படத்தின் முன்னால்தான் நிற்பார்.

மவுஸால் இழுத்து இழுத்து அப்படி ஒரு படம் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். நடுவில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமென்றால் கீழே இருப்பதை எல்லாம் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் அம்புகள் கழன்றுகொள்ளும். ஒன்று, மேல்தோலை அச்சில் ஏற்றும் லாஸ்டிங்கை விட்டுவிட்டுப் பேக்கிங்கைக் குத்தும், இன்னொன்று எங்கேயும் போகாமல் காகித ஓரத்தில் அனாதையாகக் கிடக்கும். எங்கள் மேனேஜர் பின்னால் வந்து நின்று, "ஒரு டப்பாதானேம்மா, நடுவுல சொருகிடு. இதுக்குப் போய் இவ்ளோ நேரமா?" என்பார். ஒருநாள் மவுஸை அவர் பக்கம் தள்ளி, "நீங்களே சொருகுங்க சார்" என்று சொல்லியே விட்டேன். சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், அதனால் இன்னும் எரிச்சலாக வரும்.

இந்த எரிச்சல் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. போன ஆடிட்டில் வந்தவர், ஸ்டிச்சிங் ஹாலில் படம் ஒரு மாதிரி இருக்கிறது, வேலை வேறு மாதிரி நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த ஹாலுக்கு வர வேண்டிய புது ஆர்டர் நின்றது. மறுபடி ஆடிட் வைத்து, அதில் பாஸானால்தான் ஆர்டர். இல்லையென்றால் ஹாலை மூடிவிடுவது என்று ஓனர் வீட்டில் முடிவாகியிருந்தது. அதுவரை அங்கே தைக்கும் பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பள்ளிகொண்டாவிலிருந்து நான் வரும் கம்பெனி பஸ்ஸில் பெரும்பாலும் அவர்கள்தான். வேலை இல்லாத நாட்களில் பஸ் காலியாக ஓடும். ஹால் சூப்பர்வைசர் அக்கா மட்டும் தினமும் வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னாம்மா, உன் படத்துல எங்க ஹால் இருக்குமா, இருக்காதா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அந்தக் கேள்விக்காகத்தான் இணையத்தில் தேட ஆரம்பித்தேன். என்னைப் போலவே அம்புகளிடம் அடி வாங்கிய யாரோ ஒருவர் அங்கே புலம்பியிருந்தார். படத்தை வரையாதே, எழுது என்று கீழே ஒருவர் பதில் போட்டிருந்தார். விஷயம் இவ்வளவுதான்: ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் 'கட்டிங்' என்று எழுதி, ஒரு சின்னக் கோடும் கூர்முனையும் தட்டி, பக்கத்தில் 'ஸ்டிச்சிங்' என்று எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அம்பு. எழுதி முடித்ததும், மவுஸுக்கு வேலையே இல்லாத அந்தக் கருப்புத் திரையைத் திறந்து, ஒரே ஒரு கட்டளையைத் தட்டி என்டர் அடிக்க வேண்டும். கட்டத்தை எங்கே வைப்பது, அம்பை எப்படி வளைப்பது என்பதெல்லாம் அந்த ப்ரோகிராமின் தலைவலி.

முதலில் என்டர் அடித்தபோது படம் வரவில்லை, திட்டுதான் வந்தது. கடைசியில் ஓர் அடைப்புக்குறியை விட்டிருந்தேன். போட்டேன். படம் வந்தது, ஆனால் தமிழ் எழுத்துகள் எல்லாம் வெறும் சதுரங்களாக. நான் விடுவேனா? தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரை ஃபைலின் தலையில் சேர்த்துவிட்டு மறுபடி அடித்தேன். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாம் வரிசையாக, பளிச்சென்று வந்து நின்றன. வேண்டுமென்றே நடுவில் ஒரு வரியைச் சேர்த்தேன். மற்ற கட்டங்கள் தாமாக நகர்ந்து இடம் விட்டன, ஓர் அம்புகூடக் கழலவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டிவிட்டேன். அக்கவுண்ட்ஸ் பக்கம் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்து, "படம் போடச் சொன்னா லெட்டர் எழுதினு இருக்கியா?" என்றார்.

"லெட்டர்தான் சார். பதிலுக்குப் படம் வருது."

படம் சுலபமானதும் துணிச்சல் வந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹால் ஹாலாகப் போனேன். உங்கள் கையை விட்டுச் சரக்கு எங்கே போகிறது என்று கேட்டு, அங்கேயே தட்டினேன். எல்லோரும் முன்னால்தான் கைகாட்டினார்கள். ஸ்டிச்சிங் ஹாலில் மட்டும், செக்கிங் டேபிளிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கிரேட் பின்னால் போவதை நானே பார்த்தேன். தையல் கோணிப்போன மேல்தோல்கள், பிரித்துத் தைக்கப் போகின்றன. இது எந்த ஃபேக்டரியில்தான் இல்லை? ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். ஆடிட்டரின் கார் கேட்டுக்குள் நுழைந்ததுமே அந்தக் கிரேட்களை மூலையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். பெண் பார்க்க வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்களே, அந்த மாதிரி. வருகிறவர் முதலில் தார்ப்பாயைத்தான் தூக்கிப் பார்ப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன ஆடிட்டில் நடந்ததும் அதுதான்.

செக்கிங்கிலிருந்து ஸ்டிச்சிங்குக்கு ஒரு வரி தட்டினேன். படத்தில் ஓர் அம்பு அழகாக வளைந்து திரும்பி மேலே ஏறியது. அதைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் மாறிவிட்டது.

"இது இன்னா? ரிப்பேருக்குப் போறதையெல்லாம் ஆடிட்டருக்குக் காட்டுவாங்களா? எடும்மா."

"போன தடவை அவங்க எழுதினதே இதைத்தான் சார்."

"பேஜார் பண்ணாத. கம்மியா காட்டினா கம்மியா கேப்பாங்க. எடு."

அவர் கண் முன்னாலேயே எடுத்தேன். ஆனால் வரியை அழிக்க மனசு வரவில்லை. வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு தட்டினால் அது ஃபைலில் இருக்கும், படத்தில் வராது. அப்படித் தட்டிவிட்டு என்டர் அடித்தேன். அம்பு மறைந்தது, அவர் நிம்மதியாகப் போனார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். சாய்கோட்டு விஷயத்தைக்கூடச் சொன்னேன். அவர் அந்தச் சாய்கோட்டை மட்டும் இன்னொரு தடவை விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆடிட் அன்று பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். அவர் கட்டிங் ஹாலுக்குள் நுழைந்த நேரம், நான் ஸ்டிச்சிங் ஹாலை எட்டிப் பார்த்தேன். தார்ப்பாயைக் காணோம். மஞ்சள் கிரேட்கள் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அடுக்கியிருந்தன.

"அக்கா, இன்னாக்கா இது? மூடலையா?"

"மூடி வெச்சுத்தானே போன தடவை மாட்டினோம். இந்தத் தடவை தொறந்தே இருக்கட்டும். நீ போய் உன் படத்தைச் சரி பண்ணு. அந்த வரி உள்ளதான் இருக்குதுன்னு சொன்னியே."

வாசலில் ஒட்டியிருந்த படத்தில் திரும்பும் அம்பு இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆடிட்டர் அதன் முன்னால் நிற்பார். பழைய மவுஸ் காலமாக இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆபீஸுக்கு ஓடினேன். சாய்கோடுகளை அழித்து என்டர் அடித்தேன், அம்பு திரும்பி வந்துவிட்டது. பிரிண்டரிலிருந்து காகிதத்தை உருவும்போதுதான் உறைத்தது: மேனேஜர் கையெழுத்து இல்லாத படம் செல்லாது. மேனேஜரோ ஆடிட்டர் பக்கத்தில் நிற்கிறார்.

நேராகப் போய் நீட்டினேன். "சார், ஸ்டிச்சிங் ஹால் படம், திருத்தினது. ஒரு கையெழுத்து."

அவர் பார்வை காகிதத்தில் இறங்கி, வளைந்த அம்பில் நின்று, என் முகத்துக்கு ஏறியது. அதில் இருந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஆடிட்டர் மேடம் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றார். அவர் எதிரில் என்ன சொல்ல முடியும்? மேனேஜர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் முன்னால் ஓடிப் பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டவும், அவர்கள் வந்து சேரவும் சரியாக இருந்தது. மேடம் விரலைப் படத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினார். வளைந்த அம்பில் விரல் நின்றது. உள்ளே போய் நேராக மஞ்சள் கிரேட் முன்னால் நின்றார்.

"இதைப் பிரிச்சுத் தைச்சப்புறம் எங்கே போகும்? நேரா லாஸ்டிங்குக்கா?"

"இல்லைங்க மேடம், மறுபடியும் செக்கிங்குக்குத்தான்" என்றார் அக்கா. "அங்க பாஸாகாம ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டாது." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

மேடம் வாசலுக்குத் திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தார். அம்பும் அதையேதான் சொன்னது. "இப்பதான் படமும் ஹாலும் ஒண்ணா இருக்கு. யார் வரைஞ்சது?"

"நான்தான் மேடம்" என்றேன். வரையவில்லை, எழுதினேன் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவர் டிக் அடித்தார்.

ஜெயித்துவிட்டோம். இதை அடக்கமாகச் சொல்லவெல்லாம் எனக்குத் தெரியாது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தியது விடும்வரை வலித்தது, நான் விடச் சொல்லவில்லை. மேனேஜர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "மத்த ஹாலுக்கும் அந்தக் கருப்பு ஸ்கிரீன்ல போட்டுக் குடு" என்றார். இப்போது விருந்தாளி யார் வந்தாலும் அந்த வளைந்த அம்பைத்தான் முதலில் காட்டுகிறார். எங்கள் ஃபேக்டரியில் எதையும் மறைக்கிற பழக்கமே கிடையாது என்று வேறு சொல்கிறார். அந்தத் தார்ப்பாய், மழைக்கு அவருடைய பைக்கின் மேல் கிடக்கிறது.

ஆர்டர் வந்துவிட்டது. ஹாலில் வாரம் முழுக்க மிஷின் ஓடுகிறது. காலையில் பஸ் நிரம்பி வழிகிறது, பல நாள் எனக்கே உட்கார இடம் இல்லை. ஆம்பூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருவது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அக்கா ஜன்னலோரத்திலிருந்து திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்:

"இன்னாம்மா, படத்துல எல்லாரையும் போட்டுட்டு உனக்கு ஒரு சீட் போட மறந்துட்டியா?"