வளைவில் நின்றவர்கள்

இரண்டு விரல்களை வாயில் வைத்து எங்கள் டாக்டரம்மா சீட்டி அடித்ததை நான் முதன்முதலில் கேட்டது, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பொட்டலில் அமைந்திருந்த கார் பந்தயத் திடலில். உச்சி வெயில். சிமெண்டுப் படிகளில் எங்களைச் சுற்றிக் கல்லூரிப் பையன்கள். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையைச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, டாக்டரம்மா படியின் மேல் எழுந்து நின்றார். நீல நிற வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்த கணம் அந்தச் சீட்டி. முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து, அடித்தது யார் என்று தெரிந்ததும் வாயடைத்துப் போனார்கள். நானும்தான். வார்டுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகளின் உறவினர்கள் கட்டிலை விட்டு எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர்.

அவர் எலும்பு டாக்டர். தொண்ணூறுகளில் அந்தத் துறையில் பெண்கள் அரிது. நெய்க்காரப்பட்டியில் கரும்பு போட்ட குடும்பத்துப் பெண். சென்னையில் படித்து, கல்யாணமாகி திண்டுக்கல்லுக்கு வந்தவர். கணவர் கண் டாக்டர், சத்தமே ஆகாத மனிதர். இருவரும் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று நாலு பக்கமும் பெரிய சாலைகள் வந்து கூடும் ஊர் என்பதால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. தக்காளி வண்டியில், ஆட்டோவில், டிராக்டர் தொட்டியில் என்று எதில் கிடைக்கிறதோ அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். முதுகெலும்பு நொறுங்கியவரை ஆட்டோவின் பின்சீட்டில் மடித்து உட்கார வைத்திருப்பார்கள். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டரம்மாவின் முகம் கறுத்துவிடும். "பாதியை வண்டி ஒடைக்குது சிஸ்டர். மீதியை நாம தூக்கித் தூக்கியே ஒடைச்சுப்போடறோம்" என்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் பந்தயப் பைத்தியம். கேபிள் டிவி வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வெளிநாட்டுக் கார் பந்தயங்களைக் காட்டுவார்கள். டியூட்டி அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேஸ் வந்தால் மட்டும் கூப்பிடலாம். மருந்துக் கம்பெனிக்காரரோ சொந்தக்காரரோ வந்தால் காத்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் அது விளங்கவில்லை. ஒரு ஞாயிறு, மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதிய கல்லூரி மாணவன் ஒருவனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் டாக்டரம்மா வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "காலையில அந்தப் புள்ளையோட கால எடுத்தோம். இப்ப இம்புட்டு வேகமாப் போறதப் பாக்க ஒங்களுக்கு எப்படி மேடம் மனசு வருது?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டபிறகு பயம் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிகள் ஒரு சுற்று முடித்து வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒருக்கா நேர்ல வந்து பாருங்க சிஸ்டர். அப்புறம் கேளுங்க" என்றார்.

அதை நான் மறந்துபோனேன், அவர் மறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, தேசியப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகள் சென்னையில் நடக்கின்றன என்று சொல்லி ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார். கண் டாக்டர் ஐயா, "அந்தச் சத்தத்துக்கு நான் வரலைம்மா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். என் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போகாம வண்டி ஓடுறதப் பாக்கப் போறியாக்கும்? இங்க நம்ம ரோட்டுல ஓடுறது பத்தாதா?" என்றாள். அம்மாவின் கேள்வியும் என் கேள்வியும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது.

பந்தயத் திடல் என்றால் ஏதோ மைதானம் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். கருவேலங்காட்டுக்கு நடுவில், கறுப்பு நாடாவைச் சுருட்டிப் போட்டதுபோல் ஒரு சாலை. வண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. காதில் கேட்கிற சத்தம் அல்ல அது. உட்கார்ந்திருந்த சிமெண்டு வழியாக ஏறி விலா எலும்புக்குள் அதிர்ந்தது. எரிந்த ரப்பர் வாசனையும் சூடான எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது நான்காவது சுற்றில் எந்த வண்டி எதை முந்தப் பார்க்கிறது என்று எனக்கே புரியத் தொடங்கியது. டாக்டரம்மாவின் ஆள் அந்த நீல வண்டிக்காரர். அடிக்கடி ஜெயிக்கிறவர் இல்லை. ஆனால் மழையானாலும் வெயிலானாலும் வளைவில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று, தன் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். "உள்ள விடாதே, உள்ள விடாதே... அடப் போச்சு" என்று முழங்காலில் அடித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "ஆன்ட்டி, அடுத்த சுற்றுல பிடிச்சிருவாரு, விடுங்க" என்று ஆறுதல் சொன்னான். "பிடிக்கணுமே கண்ணு" என்றார் டாக்டரம்மா, மிகுந்த கவலையோடு.

நீல வண்டிக்காரர் பிடிக்கவில்லை. எங்களுக்கு எதிரே இருந்த வளைவில், உள்பக்கமாக நுழையப் பார்த்த நீல வண்டியின் சக்கரம் இன்னொரு வண்டியின் சக்கரத்தில் ஏறியது. ஒரு காகிதத்தைப் போல அது மேலே கிளம்பி, பழைய டயர்களை அடுக்கியிருந்த சுவரில் மோதித் தலைகீழாக விழுந்தது. அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டோம். டாக்டரம்மாவின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. எங்கும் சிவப்புக் கொடி ஏறி, மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்துவது கேட்டது.

அந்த வளைவில் ஆரஞ்சு நிற உடுப்புப் போட்ட சிலர் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் கவனிக்கவே இல்லை. வண்டி தரையைத் தொடும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டவர்கள்போல அவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருவர் தீயணைக்கும் உருளையோடு நின்றார். சிலர் சேர்ந்து வண்டியை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தினார்கள். ஒருவர் மட்டும் உள்ளே கையை விட்டு ஓட்டியவரின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் யாரும் எதுவும் செய்யவில்லை.

"ஏன் மேடம் வெளிய தூக்காம நிக்கிறாங்க?" என்று பதறினேன்.

"தூக்கக் கூடாதுங்க. அந்தத் தலையப் பிடிச்சிருக்கறவரப் பாருங்க. அவரை மட்டும் பாருங்க."

பார்த்தேன். மருத்துவர் வந்து, கழுத்துப் பட்டை போட்டு, பலகையைச் செருகி, வண்டியிலிருந்து ஆளை எடுக்கும்வரை அந்த மனிதரின் கைகள் நகரவே இல்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியிருக்கும். அதைத் துடைக்கக்கூட அவர் ஒரு கையை எடுக்கவில்லை. பலகையில் படுத்திருந்தவர் மெல்ல ஒரு கையை உயர்த்திக் காட்டியதும் கூட்டம் ஆரவாரம் செய்தது. டாக்டரம்மா உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சற்றுத் தேறியபிறகு சொன்னார்: "நீங்க கேட்டீங்கல்ல சிஸ்டர். எனக்கு வேகம் பிடிக்கும். சின்ன வயசுலயே பிடிக்கும், அதுக்குக் காரணமெல்லாம் இல்லீங்க. ஆனா இங்க விழுந்தா யாரு வருவாங்கன்னு விழறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்காங்க. நம்ம பைபாஸ்ல விழுந்தா யாரு வருவாங்க, சொல்லுங்க?"

பந்தயம் மறுபடி தொடங்கியது. போய்விடலாம் என்று எனக்கு இருந்தது. அவரோ வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, கடைசிச் சுற்றுவரை இருந்து பார்த்தார். தன் ஆள் இல்லாத பந்தயத்தையும் அவர் மரியாதையோடு பார்த்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய வாரமே பைபாஸில் நாலு ரோடு கூடும் இடத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு புரோட்டாக் கடை, பஞ்சர் கடை, லோடு வண்டி நிறுத்தம், மரத்தடியில் பூ விற்கும் ஓர் அக்கா. வாரம் தவறாமல் அவர்கள் கண் முன்னால்தான் விபத்து நடக்கும். விழுந்தவரை எப்படித் தூக்குவது என்று சொல்லித் தருகிறேன் என்று டாக்டரம்மா சொன்னதும் புரோட்டாக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தூக்கிட்டுப் போனா, நாமதான் இடிச்ச மாதிரி போலீஸ்ல கேக்குறாய்ங்கம்மா. அப்புறம் கேசு, கோர்ட்டுன்னு கடையப் பூட்டிட்டு அலையணும். எங்கள விட்ருங்க."

டாக்டரம்மா வாதாடவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மறுபடி போனார். இன்ஸ்பெக்டர் மாறியபோது புதியவரிடமும் போனார். பிறகு கடைக்கு வந்து, "யாரு கேட்டாலும் எம்பேரச் சொல்லுங்க. நாந்தான் தூக்கச் சொன்னேன்னு சொல்லுங்க. சாட்சிக்கு நான் வர்றேன்" என்றார். சொன்னபடியே பின்னாளில் பலமுறை போய்க் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறார்.

பாடத்துக்கு நோயாளி நான்தான். வெள்ளை யூனிபார்மோடு சாலையோரம் சாக்கு விரித்து மல்லாந்து படுத்தேன். பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி இறங்கிவந்து எனக்குச் சோடா உடைக்கச் சொன்னார். மரக்கடையில் அறுத்து வாங்கிய பலகைகள் புரோட்டாக் கடையிலும் பஞ்சர் கடையிலும் தொங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி டிவியில் பந்தயம் போடுவார். "வண்டியப் பாக்காதீங்க, ஓரத்துல நிக்கறவங்களப் பாருங்க" என்று தொடங்குவார். பத்து நிமிடத்தில் அவரே வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். பாடம் போய்விடும்.

அந்தப் பலகையில் முதலில் வந்த ஆளைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லாம் சரியாகச் செய்துதான் கொண்டுவந்தார்கள், ஆனாலும் வழியிலேயே போய்விட்டார். புரோட்டாக் கடைக்காரர் சட்டையெல்லாம் ரத்தத்தோடு எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, "இதுக்குத்தாம்மா வேணாம்னேன்" என்று அழுதார். டாக்டரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் கடந்தும் அப்படியே இருந்தார். கடைக்காரர் தானாக எழுந்து, "வாரேன்மா" என்று கிளம்பினார். மறுநாள் பலகை கடையிலேயே தொங்கியது. கழுவியிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் குஜிலியம்பாறை பக்கத்து டீச்சர் ஒருவர் வந்த வேன் அந்தச் சந்திப்பில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் லோடு வண்டியிலிருந்து பலகையை இறக்கியபோது நான் கண்டது இதுதான்: பூக்கார அக்கா முழங்காலிட்டு, டீச்சரின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து ரத்தம் கசிந்தது. "விடுங்க அக்கா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். "டாக்டரம்மா வரட்டும். செத்த நேரம் பொறு" என்றார். கழுத்தெலும்பில் முறிவு. ஒரு விரல்கடை அசைந்திருந்தால் கைகால் நான்கும் போயிருக்கும் என்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். அந்த டீச்சர் பல மாதங்கள் கழித்து, தன் காலால் நடந்து எங்கள் படியேறி வந்தார். முதலில் பூக்கார அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்க்க வந்திருந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது.

இன்று அந்தச் சந்திப்பின்மேல் பாலம் போகிறது. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. உள்ளே படித்துப் பயின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். மரத்தையும் கடைகளையும் சாலை விழுங்கிவிட்டது. டாக்டரம்மா மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர் ஒரு பெரிய காரியம் செய்ததாக யாரும் சால்வை போர்த்தவில்லை. போர்த்த வந்தாலும் நின்றிருக்க மாட்டார். பெரிய டாக்டர்கள் பலரோடு பின்னாளில் வேலை செய்தேன். தனக்குப் பிடித்த ஒன்றை இவ்வளவு ஆசையோடு பார்த்து, அதிலிருந்து தன் ஊருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுவந்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஆண்டு வேன் பிடித்து அத்தனை பேரையும் அந்தப் பந்தயத்துக்கு அழைத்துப்போன நாள்தான். புரோட்டாக் கடைக்காரர் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பஞ்சர் கடைக்காரர் டயர்ச் சுவரைப் பார்த்து, "இம்புட்டு டயரா" என்று நெடுநேரம் மலைத்தார். அன்று எந்த விபத்தும் இல்லை. கடைசிச் சுற்றில் இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வர, திடலே எழுந்து நின்று கத்தியது. அப்போது பூக்கார அக்கா இடத்தில் இல்லை. தேடினோம். கீழே, தடுப்புக் கம்பிக்கு அருகில் நின்றுகொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆரஞ்சு உடுப்புக்காரர் ஒருவரிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் மல்லிகைப் பந்து. சத்தத்தில் எதுவும் கேட்காமல் அந்த இளைஞர் குழம்பிப்போய் அக்காவையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.

வண்டிகள் எல்லைக் கோட்டைக் கடந்தன. கொடி இறங்கியது. "யாருங்க ஜெயிச்சது?" என்று என்னைக் கேட்டார் டாக்டரம்மா. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பூக்கார அக்காவை.