ஜெப ஷீலா டீச்சரின் காலிக் கட்டங்கள்

எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில், பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க யாரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. காது இருந்தால் போதும். பருத்திக்காட்டில் குனிந்து நிற்கிறவர்களுக்கும் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற சத்தம் நன்றாகவே கேட்கும். சத்தம் வந்தால் படிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் ஜெப ஷீலா டீச்சர்.

டீச்சருக்கு வீடு பாலவனத்தத்தில். அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசியாக ஒரு ஷேர் ஆட்டோ என்று மூன்று வண்டி மாறி வருவார். கிறிஸ்தவ சபை நடத்துகிற, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி அது. ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமை ஆசிரியை ஞானப்பூ சின்ன வகுப்புகள் இரண்டையும் பார்த்துக்கொள்வார். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் ஒரே அறையில் ஜெப ஷீலாவிடம். பதினான்கு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

மனப்பாடம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. சிறுவயதில் சபையில் நடக்கும் மனப்பாட வசனப் போட்டியில் வருஷா வருஷம் அவருக்குத்தான் முதல் பரிசு, எவர்சில்வர் தட்டு. கல்யாணத்துக்குத் தட்டு வாங்குகிற வேலையே இல்லாமல் போனது என்று கணவர் செல்வதுரை இன்றைக்கும் கேலி செய்வார். ஆசிரியர் பயிற்சியையும் டீச்சர் அப்படியே ஒப்பித்துத்தான் தாண்டி வந்தார். ஒப்பித்ததற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தனக்கு எது வந்ததோ அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். அதில் தப்பு சொல்ல முடியாது.

போன செப்டம்பரில் ஒரு அதிகாரி அம்மா பார்வையிட வந்தார். பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பக்க எண்ணோடு ஒப்பித்தார்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நாலாம் வகுப்பு முருகலட்சுமியிடம் கொடுத்தார். சந்தைக்குப் போன பெண் பையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை, பத்தே வரி. முருகலட்சுமி எங்கும் தட்டுத்தடுமாறாமல் வாசித்தாள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பையைத் தொலைச்சது யாரும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

முருகலட்சுமி தாளை நிமிர்த்தி முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். "பை எங்கே கிடைத்தது?" என்றதும் மூன்றாவது தடவையாக முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தாலும் நாலு தடவை வாசித்திருப்பாள். அதிகாரி திட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி டீச்சர் அழுதார். பிள்ளைக்குப் புரியவில்லை என்பதைவிட, பதினான்கு வருஷமாக அது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவரைச் சுட்டது.

நவம்பரில் திருச்சுழியில் இரண்டு நாள் பயிற்சி. அங்கேதான் கட்டம் போடுகிற வித்தையைப் பார்த்தார். கதையை வாசித்ததும் தாளில் ஐந்து கட்டம் வரைய வேண்டும். யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கதையிலிருந்து பொறுக்கிப் போட வேண்டும். இரண்டு விஷயத்தை ஒப்பிட இரண்டு வட்டம், ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். இரண்டுக்கும் பொதுவானது நடுவில், மற்றது இரண்டு ஓரத்தில். ஒரு காரணமும் அதன் விளைவும் என்றால் அம்புக்குறி. அவருக்குக் கொடுத்த கதையைக் கட்டத்தில் பிரித்துப் போட டீச்சருக்கே அரை மணி நேரம் ஆனது. பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத்தான் 'என்ன சிக்கல்' கட்டத்தை நிரப்பினார். இதைப் பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு வந்து கரும்பலகையில் கட்டம் போட்டார். மாரிக்கண்ணன் என்கிற பையன் பஸ்ஸில் குடையைத் தொலைத்த கதையை அவரே எழுதினார், அவரே கட்டங்களையும் நிரப்பினார். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வேறு கதை கொடுத்தார். மழையே இல்லாத ஊரில் ஆட்டுக்குத் தண்ணீர் தேடிப் போகிற கிழவரின் கதை. ஐந்து கட்டம் போடச் சொன்னார். நோட்டுகளை வாங்கிப் பார்த்தால், மூன்று வகுப்பும் ஒன்றுபோல எழுதியிருந்தது. யார்: மாரிக்கண்ணன். எங்கே: பஸ். என்ன சிக்கல்: குடை.

"டீச்சர், சொல்லவா?" என்று மூன்றாம் வகுப்பு ஒன்று எழுந்து, "முதக் கட்டம் மாரிக்கண்ணன், ரெண்டாங் கட்டம் பஸ்ஸு, மூணாங் கட்டம் குடை" என்று ராகத்தோடு ஒப்பித்தது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவருக்கு ஒன்று பிடிபட்டது. கட்டத்தை நிரப்பினது நான்தானே, இவர்கள் என்ன செய்வார்கள்? மனப்பாடம் செய்யப் பாடத்தோடு கட்டத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பதினான்கு வருஷமாகப் பேசியே பழகினவருக்கு அது சாமானிய வேலையில்லை. இரண்டே சட்டம் போட்டார். எழுதுவது எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க இடம் இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். காலிக் கட்டத்துக்குத் திட்டு கிடையாது.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாம் என்று அதுவரை அவர்களுக்கு யாருமே சொன்னதில்லை. டீச்சருக்கும் கத்திக் கத்தி வந்த தொண்டைவலி போனது. பொங்கல் முடிந்து வந்தபோது அவர்களாகவே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். "இல்லலே, கிழவர் ஆட்டைத் தேடல, தண்ணியத்தான் தேடுறாரு, இந்தா பாரு" என்று விரல் வைத்துச் சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே டீச்சர் நிம்மதியாக நோட்டுத் திருத்தினார்.

ஆனால் சண்டைச் சத்தம் ரோடு வரைக்கும் போகவில்லை. ஊர் திடுக்கிட்டது. பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் சத்தத்தையே காணோம். டீக்கடையில் இதுதான் பேச்சு. டீச்சருக்குத் தொண்டை போய்விட்டது என்று ஒருத்தர். படிப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கோடு போட விட்டிருக்கிறார் என்று இன்னொருத்தர். முருகலட்சுமியின் அம்மா ஈஸ்வரி நல்ல மனசோடு ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு கொடுத்துவிட்டாள். வாயில் அடக்கிக்கொண்டால் குரல் வந்துவிடுமாம். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னார். யாரும் நம்பவில்லை.

ஏப்ரலில் டவுனிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். புதுப் பள்ளிக்கூடம், ஆங்கில வழி. வழவழப்பான தாளில் கட்டடம், கழுத்தில் டை கட்டிய பிள்ளைகள், ஒரு வெள்ளைக் குதிரை. ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே வேனில் போவதாகப் பேச்சு அடிபட்டது. பேச்சை முன்னெடுத்தவர் முருகலட்சுமியின் அப்பா தங்கபாண்டி. ஆறு ஏக்கர் மானாவாரிக்காரர். அவர் சொன்னால் மற்ற நாலு வீடும் பின்னாலேயே வரும்.

பள்ளியில் இருப்பதே இருபத்து மூன்று பிள்ளைகள். ஐந்து பேர் போனால் ஜெப ஷீலாவின் இடத்தை உபரி என்று எழுதி, எங்கேயோ கண்காணாத ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அதைவிட, கட்டத்தில் இப்போதுதான் விரல் வைக்கப் பழகின பிள்ளைகளை யாரோ மறுபடி ஒப்பிக்க வைத்துவிடுவார்களே என்றுதான் அவர் அதிகம் கவலைப்பட்டார்.

"ஷீலா, தங்கபாண்டி டி.சி. வாங்க வர்ற அன்னைக்கு மட்டும் பிள்ளைகளக் கொஞ்சம் சத்தமா வாய்ப்பாடு சொல்லச் சொல்லு. என்ன கொறஞ்சு போச்சு" என்றார் ஞானப்பூ.

டீச்சருக்கும் ஆசை இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எந்தப் பாடத்தை ஒப்பிக்க வைக்கலாம் என்று மனசு தானாக யோசித்தது. வகுப்பில் நுழைந்து, கட்டத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கிற தலைகளைப் பார்த்தால் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் தங்கபாண்டி வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த நோட்டீஸ் சட்டைப் பையில். ஞானப்பூ டி.சி. புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஜெப ஷீலா முருகலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீக டீச்சர்" என்றார் தங்கபாண்டி. "உங்க மேல ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் எம்புள்ள வீட்டுல நிக்காம ஒப்பிப்பா. இப்ப வாயத் தொறக்க மாட்டேங்கறா. ஏத்தா, கடைசிப் பாடத்தச் சொல்லு பாப்போம்."

"மனப்பாடமாத் தெரியாதுப்பா. என்ன நடந்துச்சுன்னு சொல்லவா?"

"பாத்தீகளா டீச்சர்."

தங்கபாண்டி நோட்டீஸை எடுத்து மகள் கையில் கொடுத்து, "இந்தா, நீ போகப் போற ஸ்கூலு. குதிரையெல்லாம் இருக்கு பாரு" என்றார். பிறகு ஞானப்பூவிடம் பிறந்த தேதி, சாதிச் சான்று என்று பேச ஆரம்பித்தார்.

முருகலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டீஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் குதிரையைத் தடவினாள். பின் காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் கட்டம் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை.

"என்னத்தா கிறுக்குறே?"

"நோட்டீஸப் பிரிச்சுப் போடுறேன்ப்பா. பேரு இந்தக் கட்டத்துல. எங்க இருக்குன்னு இது. என்னென்ன இருக்குன்னு இது." அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது. குதிரை, நீச்சல் குளம், ஏ.சி., கம்ப்யூட்டர், கராத்தே. "வேனு காலையில ஏழு மணி. இது மட்டும் காலியாக் கெடக்கு."

"அது என்ன கட்டம்?"

"யாரு சொல்லிக் குடுப்பாகன்னு போட்டிருக்கேன்."

தங்கபாண்டி நோட்டீஸைக் கையில் வாங்கினார். எட்டாவது வரை படித்தவர். உதடு அசைய முன்பக்கத்தை முழுக்க வாசித்தார். பின்பக்கத்தையும் வாசித்தார். அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்தார். வாத்தியார் பேர் ஒன்றுகூட இல்லை, எத்தனை பேர் என்றுகூட இல்லை.

"அச்சுல எடம் பத்தாம இருந்திருக்கும்" என்றார்.

"குதிரைக்கு எடம் இருக்குல்லப்பா" என்றாள் முருகலட்சுமி. அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

ஞானப்பூ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தங்கபாண்டி மகளின் நோட்டை வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நோட்டீஸோடு ஒத்துப் பார்த்தார். பெரியவர்கள் நாலு பேர் டீக்கடையில் இரண்டு வாரம் பேசியும் யார் கண்ணிலும் படாதது அதில் இருந்தது.

"இத நீயா போட்டியா? டீச்சர் சொல்லித் தரலையா?"

"டீச்சர் ஒண்ணுமே சொல்ல மாட்டாகப்பா. நாங்கதான் தேடணும்."

அவர் ஜெப ஷீலாவைப் பார்த்தார். "நான் சத்தம் கேக்கலைன்னுதான் பயந்துட்டேன் டீச்சர்" என்றார். "பெரிய டீச்சர், டி.சி. இப்ப வேணாம். அஞ்சாங் கிளாசும் இங்கனயே இருக்கட்டும். மத்தவுக கிட்டயும் நான் சொல்லிக்கிறேன்."

ஞானப்பூ டி.சி. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். ஐந்து பிள்ளைகள், தன் இடம், மாற்றல் உத்தரவு என்று இரண்டு வாரமாக ஜெப ஷீலாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது.

தங்கபாண்டிக்கும் மனசு லேசாகியிருக்க வேண்டும். மகள் தலையைத் தடவி, "அந்தக் காலிக் கட்டத்துல நம்ம டீச்சர் பேர எழுதிக்கத்தா" என்றார்.

முருகலட்சுமிக்கு முகமெல்லாம் சந்தோஷம். பென்சிலைக் கட்டத்துக்குள் கொண்டுபோனாள். அங்கே நிறுத்தினாள். நோட்டீஸை எடுத்து ஒரு தடவை விரல் ஓட்டிப் பார்த்தாள்.

"எழுதக் கூடாதுப்பா" என்றாள். "டீச்சர் பேரு இதுல எந்த வரியிலயும் இல்ல."

ஜெப ஷீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார்கள். அவர் பெயரை எழுத மாட்டேன் என்று சொன்ன பிள்ளை இவள் ஒருத்திதான். அவளை அள்ளித் தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு.