விட்டுப்போன வாக்கியம்

பிரியம்வதாவின் வேலை பிழை கண்டுபிடிப்பது. அடுத்தவர் எழுதிய மென்பொருளை ஓட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது, எந்தப் பொத்தானை அமுக்கினால் படுத்துவிடுகிறது என்று எண் போட்டு எழுதி அனுப்ப வேண்டும். பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறாள். காலையில் கொல்கத்தாவின் டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் முண்டியடித்து வேறு ரயில் மாறி, செக்டர் ஃபைவில் இருக்கும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குற்றப் பட்டியல்தான். கட்டிய கணவனிடம்கூட இத்தனை குற்றம் கண்டதில்லை. அவள் அறிக்கையில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நல்ல பெயர்தான். நாற்பத்திரண்டு வயதில் அந்த நல்ல பெயரைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படிகளில் ஏறி இறங்குவது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு பயிலரங்கு. உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மற்றவர்கள் மதிய பிரியாணி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் மெனக்கெட்டு எழுதினாள். எந்த வேலையைச் செய்யும்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பது முதல் கேள்வி. யோசிக்கவே இல்லை. 'மெட்ராஸ் ஃபோன்' என்று எழுதினாள்.

கொல்கத்தாவில் ஒருவருக்கு உடம்பு லேசில் சரியாகவில்லை என்றால் வீட்டார் ஹவுராவில் ரயிலேறிவிடுவார்கள், சென்னைக்கு அல்லது வேலூருக்கு. பிரியம்வதாவின் அடுக்ககத்தில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நான்காவது மாடிக்கு வந்து அவள் கதவைத் தட்டுவார்கள். எந்த லாட்ஜில் நாமே சமைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் மீன் கிடைக்குமா, டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார், எல்லாம் அவள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனைப் படிவத்தில் தொடர்புக்கு என்ற இடத்தில் அவள் நம்பரையே எழுதிவிட்டு வருவார்கள். அங்கிருந்து தமிழில் சொல்வதை இவள் வாங்கி, பெங்காலியில் கீழே இறக்குவாள். கேட்பவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். செக்டர் ஃபைவில் யாரும் அவள் கையைப் பிடித்ததில்லை.

எழுதி வைத்ததைக் கேட்டதுபோல ஓர் அழைப்பும் வந்தது. சென்னை மருத்துவமனை ஒன்று டாலிகஞ்சில் உதவி மையம் திறக்கப்போகிறது, தமிழும் பெங்காலியும் தெரிந்தவர் வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவளுக்கு வாயெல்லாம் பல். துறைமுக அலுவலகத்தில் இருக்கும் கணவன் அனந்த் மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்.

"உதவியா பேசறது வேற, அதையே வேலையா பண்றது வேற, பிரியா. நல்லா யோசிச்சுக்கோ."

ஒரு மனுஷி சந்தோஷப்பட்டால் இவருக்குப் பொறுக்காதே என்று அவளுக்குக் கோபம் வந்தது.

இரண்டாவது மாடியில் ஷிகா. அண்ணி முறையில் பௌதி என்றுதான் பிரியம்வதா கூப்பிடுவாள். கல்யாணமாகி ஊர் புரியாமல் வந்து இறங்கியவளை மீன் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பெங்காலி பேச வைத்தவள் அவள்தான். பௌதியின் கணவர் தபனுக்கு ஈரலில் கட்டி. இரண்டு முறை சென்னை போய் வந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன், புதிதாக எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு அங்கிருந்து இளம் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். எஸ்பிளனேட் நடைமேடையில் நின்றபடி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பிரியம்வதா கேட்டாள்.

"மேடம், இனிமே அவரை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேணாம். வீட்டுலயே நிம்மதியா வச்சுக்கச் சொல்லுங்க. மருந்துக்குக் கேட்கற கட்டத்தைத் தாண்டிடுச்சு. மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்."

அன்று மாலை பௌதி கதவைத் திறந்து அவள் முகத்தையே பார்த்தாள். பிரியம்வதா சொன்னாள்: இனிமேல் சென்னைக்கு வர வேண்டாமாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டுமாம். குணமாகிவிட்டது என்று நினைத்து பௌதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மாடியேறிவிட்டாள். அந்த நாளைக்கு மூன்று வாரம் ஆயிற்று.

சனிக்கிழமை மாலை பௌதியே மேலே வந்தாள். கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. டொராண்டோவில் இருக்கும் மகன் அப்பாவைப் பார்க்கப் பதறிக்கொண்டு புறப்பட இருந்தானாம். டாக்டரே வர வேண்டாம் என்று விட்டுவிட்டார், இப்போது லீவை வீணாக்காதே, துர்கா பூஜைக்கு வந்தால் போதும் என்று இவள் தடுத்துவிட்டாளாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டானாம். எல்லாம் உன்னால்தான் என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து பிரியம்வதாவின் வாயில் ஊட்டினாள். பூஜைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

பௌதி போனதும் பிரியம்வதா குளியலறையில் போய் வாய் கொப்பளித்தாள். பிறகு கைப்பையில் மடித்து வைத்திருந்த பயிலரங்குத் தாளை எடுத்தாள். அந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது எது என்பது இரண்டாவது கேள்வி. 'பிறருக்கு உதவுவது' என்று அழகாக எழுதியிருந்தாள். அதை அடித்தாள். நல்ல சேதி சொல்லிக் கையைப் பிடிக்க வைப்பது என்று எழுதினாள். எழுதியதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் முகத்தில் அடித்தமாதிரி எழுதத் தெரிந்தவள், ஒரு மனிதர் போகப்போகிறார் என்பதை மூன்று வாரம் முழுங்கி வைத்திருந்தாள். அந்த மூன்று வாரம் பௌதியுடையது. தபனுடையது. அதை எடுத்துக்கொள்ள இவள் யார்? தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

அனந்திடம் சொன்னாள். அவன் திட்டவில்லை. "இப்பவே கீழ போ. நான் வரணுமா?" என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு இறங்கினாள்.

தபன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் நின்றபடியே, டாக்டர் சொன்னதை முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வரை சொன்னாள். பௌதி அடுப்பை அணைத்தாள். அழவில்லை. என்றைக்குச் சொன்னார் என்று கேட்டாள். தேதியைச் சொன்னாள். பௌதி விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"மூணாவது மாடி லதாவோட மாமியாருக்கு மெட்ராஸ் டாக்டர் சொன்னதா சொன்னியே, அது முழுசா?"

அது முழுசுதான். ஆனால் அதை இனி யார் நம்புவார்கள்? முழுசுதான் பௌதி என்று சொன்னபோது பிரியம்வதாவின் குரலே அவளுக்கு நம்பும்படியாக இல்லை.

மகனை அழைக்க பௌதி அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. பிரியம்வதா மாடியேறினாள். நான்கு மாடிக் கட்டிடத்தில் அத்தனை படிகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை பௌதி மறுபடி மேலே வந்தாள். கண் வீங்கியிருந்தது. மகனுக்குப் புதன்கிழமை விமானம் கிடைத்துவிட்டதாம்.

"அந்த டாக்டரைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு. அவர் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்லு. எதையும் விடாதே."

கூப்பிட்டாள். வலி எப்போது வரும், வந்தால் என்ன கொடுப்பது, சாப்பாடு எப்போது நிற்கும், தூக்கம் எப்போது அதிகமாகும், எப்போது யாரையும் அடையாளம் தெரியாமல் போகும். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரியம்வதா ஒவ்வொன்றாகப் பெங்காலியில் சொன்னாள். நடுவில் ஒரு வாக்கியத்தில் நாக்கு நின்றது. பௌதி அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லி முடித்தாள். கடைசியாக, தபனிடம் இதைச் சொல்லலாமா என்று பௌதி கேட்டாள். அதைத் தமிழாக்கும்போது பிரியம்வதாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டால் சொல்லுங்கள் என்றார் டாக்டர். பௌதி இந்த முறை அவள் கையைப் பிடிக்கவில்லை. குறிப்பு எழுதிய காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள்.

இருபத்திரண்டு நிமிடம். பிரியம்வதாவுக்கு அது நன்றாகத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள், எப்போது முடியும் என்று.

திங்கட்கிழமை காலை மெட்ரோவில் நின்றபடியே உதவி மையத்துக்கு எழுதினாள். தான் மூன்று வாரம் மறைத்ததை முதலில் எழுதினாள். ஒரு வரியும் விடவில்லை. இதற்குப் பிறகும் வேண்டுமென்றால் வருகிறேன் என்று முடித்தாள். அனுப்பிவிட்டு எஸ்பிளனேடில் இறங்கி, வழக்கம்போல அடுத்த ரயிலுக்கு நின்றாள்.