நயாகராவுக்கென்று எடுத்த பட்டுச்சேலை

எங்கள் சித்தப்பா வாயைத் திறந்து பேசுவது ஹாக்கியைப் பற்றி மட்டும்தான். அதுவும் நம்மூர் ஹாக்கி இல்லை, பனிக்கட்டிமேல் சறுக்கிக்கொண்டு ஆடுகிற ஹாக்கி. ஈரோட்டிலிருந்து மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்தவரை யாரோ ஒரு நண்பன் ஒருநாள் கல்லூரி மேட்ச் பார்க்கக் கூட்டிப்போனானாம். போனவர் மனதளவில் இன்னும் திரும்பவில்லை என்பாள் அம்மா. படிப்பு முடிந்து, கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தக் கல்லூரி அணி எந்த ஊருக்கு ஆடப் போனாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் இவருடைய கார் பின்னாலேயே போகும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்குக் கல்யாணமாகி, கோவில்பட்டியிலிருந்து சித்தி வந்து சேர்ந்தாள். வெஸ்ட் வின்ட்சர் என்கிற ஊரில் எங்கள் வீட்டிலேயே இருவரும் இருந்தார்கள். இருந்தார்களே தவிர ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை. அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, இவளுக்கு அவர் ஆரம்பிக்காமல் பேச மனமில்லை. நடுவில் நான். எனக்கு எட்டு வயது. "ஏட்டி, ஒங்க சித்தப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள் சித்தி. நான் மாடி ஏறிப்போய் இங்கிலீஷில் சொல்வேன். தமிழ் அப்போது எனக்குக் காதோடு சரி, வாயில் வராது. இருந்தாலும் அந்த வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை என்கிற பெருமை எனக்கு நிறைய இருந்தது.

ஒருநாள் சமையலறையில் சித்தி அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "டிக்கெட் எடுத்துக் குடுங்கக்கா, நான் எங்க அம்மா வீட்டுக்கே போறேன். செவத்துகிட்டப் பேசுனாக்கூட எதிரொலி வரும்." அம்மா பதறிப்போய், அன்றைக்கே சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அந்தப் புள்ளைய எங்கயாச்சும் வெளிய கூட்டிட்டுப் போங்க." சித்தப்பா நல்ல மனுஷர். உடனே ஒத்துக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கெழம போலாங்க அண்ணி. வடக்க, கனடா பக்கம்."

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்கள் கனடா பக்கம் போகிறார்கள் என்றால் அது எங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை. நயாகரா முன்னால் நின்று எடுத்த போட்டோ இல்லாத வீடு எங்களுக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. சித்தி அன்றிரவே ஊருக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். முகூர்த்தப் பட்டு, அந்த மாம்பழ மஞ்சள் சேலை, பெட்டிக்குள் போனது. அம்மா புளிசாதம் கட்டினாள், ரைஸ் குக்கரையும் காரில் ஏற்றினாள். "நீயும் துணைக்குப் போ" என்று என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தாள்.

நாள் முழுக்கப் பயணம். வழியெல்லாம் பனி. மோட்டலில் இறங்கியதும் சித்தி பட்டுச்சேலை கட்டி, மேலே அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். சித்தப்பா காரை ஒரு பெரிய கோடவுன் மாதிரி இருந்த கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணி எங்கே என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"தண்ணியா? உள்ள எல்லாம் ஐஸாத்தான் இருக்கும் கண்ணு" என்றார் சித்தப்பா.

உறைந்துபோயிருக்கிறது போல என்று நம்பித்தான் அவள் படியேறினாள். உள்ளே போய் உட்கார்ந்து, ஹெல்மெட் போட்ட பையன்கள் வரிசையாகச் சறுக்கிக்கொண்டு வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அதற்குப் பிறகு அன்றைக்கு மைதானத்தை அவள் பார்க்கவே இல்லை. கைப்பையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அணி தோற்றது.

மோட்டலுக்குத் திரும்பும்போது காரில் சித்தி என் தோளைத் தட்டினாள். "ஒங்க சித்தப்பாட்ட சொல்லு, கெடக்குறது கெடக்கட்டும், கெழவனத் தூக்கி மணையில வையின்னு."

வேண்டிய காரியத்தை விட்டுவிட்டு வேண்டாத காரியத்துக்கு மேளம் கொட்டுகிறவர்களை அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு தாத்தாவைத் தூக்கிப் பலகைமேல் உட்கார வைக்க வேண்டுமாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். சித்தப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தாத்தாவ?" நான் கேட்டுச் சொல்வதற்குள் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை பக்கத்து ஊரில் இரண்டாவது மேட்ச். கட்டறதுக்குன்னுதான கொண்டாந்தேன் என்று சித்தி மறுபடியும் அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அணி முதல் கோல் போட்டதும் கையிலிருந்த டென்னிஸ் பந்துகளைப் பனிமேல் வீசினார்கள். அது அவர்கள் வழக்கம். பையன்கள் வந்து பொறுக்கினார்கள், மைக்கில் என்னவோ சொன்னார்கள், ஆட்டம் தொடர்ந்தது. சித்தி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் ஒருவனை எதிராளி தோளால் இடித்துச் சுவரில் சாத்தினான். ரெஃபரி விசில் ஊதவில்லை.

"ஏ, அது ஃபவுலு" என்று சித்தி எழுந்துவிட்டாள். "ஆள மறிக்கான், இடிக்கான், இவன் என்ன பாத்துக்கிட்டு நிக்கான்?"

சித்தப்பா அவளைப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நான் கண்டதில்லை. "உனக்கு ஹாக்கி தெரியுமா?" என்று நேராக அவளிடமே கேட்டார்.

"கோவில்பட்டிக்காரிகிட்ட வந்து ஹாக்கி தெரியுமான்னு கேக்கீங்க. எங்க ஊருல தெருவுக்குத் தெரு ஹாக்கிதான். ஸ்கூல் டீம்ல நான் லெஃப்ட் இன் ஆடுனவ."

"பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லவே இல்லியே."

"பாடத் தெரியுமான்னுதான கேட்டீங்க. பாடுனேன்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன், என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் அணியும் ஒரு கோல் போட்டுச் சமன் செய்து, கடைசிக் கட்டத்தில் இன்னொன்றும் போட்டு முந்தியது. சித்தப்பா கத்தினார். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று வளர்ந்தவள் சித்தி. கைப்பைக்குள் கையை விட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தாள், கண்ணாடிச் சுவருக்கு மேலே வீசினாள். லெஃப்ட் இன் கை அல்லவா. பொட்டலம் நடு மைதானத்தில் விழுந்து உடைந்து நாலாபக்கமும் சறுக்கிக்கொண்டு போனது.

இனிமேல் யார் எதை எறிந்தாலும் எறிந்தவர்களுடைய அணிக்குத் தண்டனை என்றுதான் முன்பு மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்த இங்கிலீஷ் சித்திக்குப் பிடிபடவில்லை. ரெஃபரி ஒரு துண்டு கடலைமிட்டாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். மஞ்சள் பட்டுச்சேலை அந்த அரங்கத்தில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் அணியில் ஒருவனை இரண்டு நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

சித்தி முகம் வெளுத்துப்போனது. சித்தப்பா ஸ்கோர் போர்டைப் பார்த்தார். தோற்ற நாளில் சாப்பிடாமல் படுக்கிற மனுஷர் அவர். வாரக் கடைசியே போச்சு, சித்தி டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் கீழே அந்த ஆட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. "சித்தி, கெழவன மணையில வச்சுட்டாங்க" என்றேன். வாழ்க்கையில் நான் முழுசாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அது.

முதலில் சிரித்தது சித்திதான். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துச் சித்தப்பாவுக்கும் வந்துவிட்டது. "இன்னும் மிட்டாய் இருக்குதா?" என்று கேட்டார். பையின் அடியில் உதிர்ந்து கிடந்ததை அள்ளி அவர் கையில் போட்டாள். அந்த இரண்டு நிமிஷத்தில் எதிரணி கோல் போட்டது. ஆட்டம் சமனில் முடிந்தது. இருவருக்கும் அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

அரங்கத்துக்குப் பின்னால், பனித்தளத்தைச் சீவி வாரிக்கொண்டு வந்து கொட்டுகிற குவியல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. விளக்கு வெளிச்சத்தில் அதன் முன்னால் கோட்டைக் கழற்றிவிட்டுச் சித்தி நின்றாள், சித்தப்பா போட்டோ எடுத்தார். கோவில்பட்டியில் அந்தப் போட்டோவுக்கு 'உறைஞ்ச நயாகரா' என்று பெயர். இன்றைக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, வேண்டுமானால் நயாகரா போய்விட்டுப் போகலாம் என்றார் சித்தப்பா. "அது எங்க ஓடிப்போகுது?" என்றாள் சித்தி. "அடுத்த வாரம் எந்த ஊருல ஆட்டம்?"

அதற்குப் பிறகு வழி முழுக்க இருவரும் பேசினார்கள். இடிப்பது எப்படி ஃபவுல் ஆகாமல் போகும் என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. ஆளுக்கு ஒரு வாய் புளிசாதம் பின்னாலிருந்து நீட்டியதைத் தவிர எனக்கு வேலையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு அம்மாவிடம் போய் நின்றேன். இனிமேல் நான் அவர்களோடு போக மாட்டேன், என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை, ஒரு தடவைகூட அனுப்பவில்லை என்றேன்.

"ஒரு தடவகூடவா?" என்றாள் அம்மா.

ஒரு தடவைகூட இல்லை என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களா?" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். என் வேலை போனதற்கு இவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று நான் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டேன்.