அடுப்புக்கு மேல் வைத்த வெல்டிங் ராடு

என் மனைவி வெல்டர். ஐடிஐயில் படித்து, கல்யாணத்துக்கு முன்பே ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவள். அங்கே கழித்துக் கட்டிய பழைய வெல்டிங் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். நான் பள்ளிக்கூட ஆபீசில் ஃபைல் கட்டுகிறவன். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பேன் என்பாள். பாதி உண்மை.

போன மழையில் சர்ச் படியில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதே வாரம் ஒரு காட்டெருமை, கேத்தி மலைச்சரிவில் இருக்கும் எங்கள் கேரட் தோட்டத்து இரும்பு கேட்டை முட்டி, மேல் கீலைப் பிய்த்துவிட்டது. இரண்டு பாத்தி போயிற்று. மீதியைப் பிடுங்க இன்னும் பத்து நாள் இருந்தது. பக்கத்து வெல்டரோ மேட்டுப்பாளையத்தில் வேலைக்குப் போயிருந்தார். கேட் நிற்கவில்லை என்றால் கேரட் இல்லை.

"ஏனுங்க, நீங்களே போடுங்க. நான் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் லீவு போட்டேன். பம்பு ரூமிலிருந்து கரண்ட் எடுத்தோம். தரை காய்கிற ஊர் இல்லை என்பதால், காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் என்னை நிற்கவைத்தாள். முகமூடி ஒன்றுதான் இருந்தது. அதை எனக்கு மாட்டிவிட்டு, அவள் கேரட் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

ராடு இரும்பைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது.

"அசைச்சு எடுங்க. தீக்குச்சி ஒரசற மாதிரி தொடுங்க."

நாலாவது தடவை பொறி பிடித்தது. "தூரமா புடிக்கறீங்க, கிட்ட வாங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்ப அவசரப்படறீங்க." எல்லாம் திரும்பிப் பார்க்காமலே. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தும் அவள் காதுக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்தான்.

முடித்து, ஒட்டின் மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. அவள் முகத்தில் மட்டும் திருப்தி இல்லை.

"படபடன்னு வெடிக்கற சத்தம் கேட்டுதுங்க," என்றபடி இடது கையால் சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டாள். கீல் கழன்று விழுந்தது. ஒட்டின இடத்துக்குள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை.

"ராடு எங்கிருந்து எடுத்தீங்க?"

"ஷெட்ல இருந்து."

"அடுப்புக்கு மேலதானே வெச்சிருந்தேன்?"

ஈஸ்டருக்கு வெள்ளையடித்தபோது வீட்டை ஒழுங்கு செய்தவன் நான்தான். விறகடுப்புக்கு மேல் பலகையில் உப்பு இருக்கலாம், தீப்பெட்டி இருக்கலாம், வெல்டிங் ராடு எதற்கு என்று ஷெட்டுக்குக் கடத்தியிருந்தேன். அத்தனை மாத ஈரமும் ராடின் பூச்சுக்குள் இறங்கிவிட்டது.

"உப்பே தண்ணியாப் போற ஊருங்க இது," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்குப் போய்ப் பழைய தோசைக்கல்லில் ராடுகளைப் பரப்பி ஒரு மணி நேரம் நன்றாகச் சூடாக்கினாள். ஆறுவதற்குள் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தோம். இந்தத் தடவை எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீரான சத்தம். பெட்டிமேல் இருந்தவள் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்" எனக்குப் போதும். ஒட்டு என்னவோ மேடும் பள்ளமுமாக அசிங்கமாகத்தான் வந்திருந்தது. சுத்தியலால் ஐந்து தடவை அடித்தாள். அசையவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கேட்டுக்கு வெளியே சேறு முழுக்கக் குளம்புத் தடம். ஒரு கம்பி உள்பக்கம் வளைந்திருந்தது. கீல் அப்படியே இருந்தது, கேரட்டும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கட்டுப் பிரித்துக் கை தேறியதும் வளைந்த கம்பியை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாள். அவள் போட்ட ஒட்டு நூல் பிடித்தது போல ஓடியது. பக்கத்தில் என்னுடையதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"இதையும் வெட்டிட்டு நீயே போட்டுரு."

"அது நிக்குதுங்களே. எதுக்குத் தொடோணும்?"

கையுறையைக் கழற்றினாள். மிச்சமிருந்த ராடுகளை என் கையில் கொடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.