மாமாவின் பாதிப் பெயர்

ஊரில் பிறக்கிற பிள்ளை முப்பத்தோராம் நாள் வரை பெயரில்லாமல் நிம்மதியாகக் கிடக்கலாம். பிரெஞ்சுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆசுப்பத்திரியிலேயே பெயரைக் கேட்டுவிடுவார்கள். அதனால் தம்பி பிறக்க முன்னரே லா சப்பல் பகுதியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது.

பெடியன் என்றால் மாமாவின் பெயரை வைப்போம் என்றார் அப்பா. மாமா அம்மாவின் ஒரே அண்ணன், பெயர் குணசீலன். யாழ்ப்பாணத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போனபிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவருடைய சைக்கிள் பாரில் இருந்து போன ஞாபகம் எனக்கும் உண்டு. ரூ பஜோல் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அவர்தானோ என்று திரும்பிப் பார்ப்பேன். அப்பா நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். அம்மா கரண்டியை வீசி எறியாத குறை.

"செத்த ஆக்களின்ரை பேரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறது. அண்ணை செத்துப்போனார் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

ஆனால் வேறு எந்தப் பெயரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு பெயரிலேயே அவள் மனம் கிடந்தது.

மேல்மாடியில் வெர்னெல்லா என்றொரு கறுப்பு அமெரிக்கப் பெண் இருந்தார். இரவு விடுதிகளில் பாடுகிறவர். அம்மாவின் தோசைக்கு மயங்கி அடிக்கடி எங்கள் குசினிக்கு வருவார். அவருடைய பிரெஞ்சை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் உத்தியோகம், அதில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது. ஒருநாள் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, சண்டை விஷயத்தை அவரிடம் போட்டுடைத்தேன். அவர் சிரித்தார். அப்பா வெர்னன், அம்மா எல்லா, இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் தன் பெயர் என்றார். தங்கள் ஆட்கள் பெயரைத் தாங்களே புதிதாகச் செய்துகொள்வார்களாம்.

அம்மாவின் கத்தி நின்றது.

"அப்ப அண்ணையின்ரை குணத்தை எடுப்பம். என்ரை பேர் ரூபராணியிலை இருந்து ரூபத்தை எடுப்பம். குணரூபன். சீலன் அவருக்கெண்டு இருக்கட்டும். அண்ணை வந்து கேட்டால் குடுக்க வேணுமெல்லே?"

தம்பிக்கு அந்தப் பெயர்தான் வைத்தார்கள். அவனைச் சீலன் என்று கூப்பிட இன்றைக்கும் வீட்டில் ஒருவருக்கும் அனுமதி இல்லை.

அன்றைக்கு அம்மா சொன்னதை நான் பிரெஞ்சில் சொன்னதும் வெர்னெல்லாவின் சிரிப்பு போய்விட்டது. தன் குடும்பப் பெயர், பாட்டனின் பாட்டனை அடிமையாக விலைக்கு வாங்கியவனுடைய பெயர் என்றார். அதற்கு முன்னர் தன் ஆட்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அவர்கள் வந்தால் நான் யாருக்கு எதைக் கொடுப்பேன் என்று கேள்," என்றார்.

கேட்டேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். பெயர்தான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. வெங்காயம்தான் என்று நினைத்து, ஓடிப்போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.