மாசியில் ஏறிய கோடு

என் தம்பி எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் தோற்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை; ஐம்பத்தாறு வயதில், மூட்டு வலியோடு, பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்ச் சொல்கிறேன். அவன் தோற்றது தேர்தலிலோ சீட்டாட்டத்திலோ இல்லை. வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிற சாமான்களில்.

ஊரே வி.எச்.எஸ். கேசட்டை வாடகைக்கு எடுத்து டெக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அவன் அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தான். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய பீட்டாமேக்ஸ் டெக் ஒன்றை வாங்கிச் சுமந்துகொண்டு வந்தான். "படம் கண்ணாடி கணக்கா இருக்கும்க்கா" என்றான். இருந்தது. ஆனால் அந்த அளவுக் கேசட் பழங்காநத்தத்தில் ஒரு கடையிலும் இல்லை. டெக்கோடு வந்த ஒரே கேசட்டில் யாரோ ஒரு சீனக் குடும்பத்தின் பிறந்தநாள் விழா இருந்தது. வீட்டில் எல்லோரும் அதையே நாலைந்து முறை பார்த்தோம். வேறு என்ன செய்ய?

அப்புறம் வி.சி.டி. அதில் ஒரு பீரோ நிறையச் சேர்த்து முடித்தபோது டி.வி.டி. வந்துவிட்டது. அதற்கும் அப்புறம் புளூரே ஒரு பக்கம், எச்.டி. டி.வி.டி. ஒரு பக்கம் என்று போட்டி வந்தது. துபாயிலிருந்த சிநேகிதனிடம் சொல்லி அவன் எதை வரவழைத்தான் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மூன்று முறையும் நான் முன்கூட்டியே "வேண்டாம்டா" என்றேன். விஷயம் தெரிந்து சொன்னதில்லை. அவன் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. மூன்றாவதும் படுத்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நீ வாய வச்சக்கா, அதான் வெளங்கல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவன் அடங்கினான். பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. பதினோரு வருஷம் ஒரே இடத்தில் இருந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தம்பி மனைவி நிம்மதியாக மூச்சு விட்டது அந்தப் பதினோரு வருஷம்தான் என்று நினைக்கிறேன்.

இணையத்தில் மக்கள் எதை எப்போது அதிகம் தேடினார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. அவன் அதை எங்கேயோ கண்டுபிடித்தான். இரண்டு சொற்களைக் கொடுத்தால் நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு வரும். நான் குடியிருப்பது வண்டியூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க அவனும் வருவான். இரண்டு சுற்று முடிந்ததும் படியில் உட்கார்ந்து போனை நீட்டுவான். புளூரேவும் எச்.டி. டி.வி.டி.யும் கொஞ்ச காலம் பக்கத்துப் பக்கத்தில் போகும். பிறகு புளூரே மேலே போக, அவன் வரவழைத்த எச்.டி. டி.வி.டி. தரையில் விழுந்து அப்படியே படுத்துவிடும். தன்னுடைய தோல்வியை இப்படி வாராவாரம் போனில் போட்டுப் பார்க்கிற மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"இத அன்னைக்கே பாத்திருந்தா நான் ஏமாந்திருப்பனாக்கா?" என்பான். "நான் பொருளப் பாத்தேன். சனம் எதக் கேக்குதுன்னு பாக்கல. இனிமே சனத்ததான் பாக்கணும்."

அது நல்ல பாடம்தான். 

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடக்கக்கூட இல்லாமல் நேராகப் படிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். போனில் தமிழ்நாட்டுக்கு மட்டும் வைத்திருந்தான். வி.எச்.எஸ். நீலம், பீட்டாமேக்ஸ் சிவப்பு. பல வருஷங்களாகத் தரையோடு கிடந்த இரண்டும் மாசி மாதத்தில் சுவர் ஏறுவது போல ஏறியிருந்தன. நீலம் நூறைத் தொட்டிருந்தது. சிவப்பும் எண்பதுக்கு மேல்.

"அம்புட்டு பேரும் பழைய கேசட்ட வச்சுக்கிட்டு எங்க போடுறதுன்னு தேடுறாகக்கா. கல்யாணக் கேசட்டு, காதுகுத்துக் கேசட்டு. அதப் பென்டிரைவுல ஏத்திக் குடுக்க மதுரையில ஒழுங்கா ஆளில்ல. எங்கிட்ட அந்தப் பீட்டாமேக்ஸும் இருக்கு, பின்னாடி வாங்குன வி.எச்.எஸ். டெக்கும் இருக்கு. வேலைய விட்டுட்டுக் கடை போடப் போறேன்."

வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த டெக்குகளுக்குக் கடைசியில் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. நான் "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலேஜ் நூலகத்தில் என் மேசைக் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். நான் அங்கே முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். எதை எடுத்தாலும் ஓரத்துச் சிறிய எழுத்தைப் படிக்கிற புத்தி தொழிலோடு வந்தது. நூறு என்றால் நூறு பேரோ நூறாயிரம் பேரோ இல்லை என்று அதில் போட்டிருந்தது. எது உச்சமோ அதற்கு நூறு. வழக்கமாக யாருமே தேடாத ஒன்றைக் கொஞ்சம் பேர் சேர்ந்து தேடினாலும் நூறுதான். நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தேன். நீலக்கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியிருந்தது. சிவப்பு அந்த வாரத்துப் புதன்கிழமை. பத்து நாள் கழித்து இரண்டும் ஒரே நாளில் விழுந்திருந்தன.

அந்த ஞாயிறும் புதனும் எனக்குத் தெரியும். எங்கள் வகையறாவின் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் இருக்கிறேன்.

எங்கள் குலசாமி கோயில் டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மாசியில் கூட்டம் போட்டு, வைகாசியில் கும்பாபிஷேகம் என்று முடிவானதும், முதல் பரிவட்டம் மேலவீட்டாருக்கா கீழவீட்டாருக்கா என்று பழைய சண்டை தலையெடுத்தது. போன கும்பாபிஷேகத்தில் யாருக்குக் கட்டினார்கள் என்பதைச் சொல்லப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை. ஒருவர் எடுக்கிற படத்தை மற்றவர் நம்ப மாட்டார் என்பதால் அந்தக் கும்பாபிஷேகத்தை இரண்டு வீட்டாரும் தனித்தனியாக வீடியோ எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலவீட்டார் தங்கள் வி.எச்.எஸ். கேசட்டைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு, "இதை எங்கே போட்டுப் பார்க்கலாம்?" என்று கேட்டார்கள். புதன்கிழமை கீழவீட்டார் தங்கள் கேசட்டின் போட்டோவைப் போட்டார்கள். அது பீட்டாமேக்ஸ். அப்புறம் கேட்க வேண்டுமா? திருப்பூரிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற நானூறு ஐந்நூறு பேரும் கேசட்டில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்துப் பார்த்துத் தேடினார்கள். என் கேசட்டு ஓடும், உன் கேசட்டு ஓடாது என்று பந்தயமே நடந்தது. நானும் தேடினேன். ஒரு தடவை அல்ல, தினமும். கடைசியில் எதையும் போட்டுப் பார்க்காமல், சாமி முன்னால் திருவுளச்சீட்டு எழுதிப் போட்டு முடித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் கோடுகள் விழுந்திருந்தன.

தம்பி கண்ட சனம் நாங்கள்தான். சொந்தப் பங்காளிகள்.

அவனுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், போன வருஷக் கோயில் பொங்கலுக்கு அடித்த பத்திரிகையில் அவன் பெயரை இரண்டு வரி கீழே போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறியதுதான். இரண்டு டெக்கும் அவன் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று நானாவது குரூப்பில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வாயைத் திறந்தால் வேலை நம் தலையில் வந்து விழும் என்ற நினைப்பு எனக்கு.

நான் கணினியில் பார்த்த அதே வாரம் தம்பி மனைவி நூலகத்துக்கே வந்துவிட்டாள். புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு, குரலை இறக்கிப் பேசினாள்.

"மதினி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. பிள்ள இப்பத்தான் காலேஜ் போகப் போகுது. இந்த வேலையும் போச்சுன்னா இந்த வயசுல அவுகள யாரு மதினி வேலைக்குச் சேப்பா?"

"எம்பேச்ச அவன் எப்ப கேட்டான்?"

"கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லுங்க. உங்களுக்கு விவரம் தெரியும்."

"சொல்றேன், போ" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் காலேஜில் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. முப்பது வருஷத்துப் புத்தகக் கணக்கையும் ஒரே மாதத்தில் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஏணியில் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தால் முட்டி வீங்கியிருக்கும். இதையெல்லாம் சொல்வது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எனக்கே தெரிகிறது. ஒரு போன் போட எத்தனை நேரம் ஆகும்? இவனிடம் போய் மறுபடியும் "வேண்டாம்டா" என்று ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. மறுபடியும் வாய் வைத்தவள் ஆக வேண்டாம் என்று இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பட்டுத் தெரியட்டும் என்ற வன்மமும் கொஞ்சம் இருந்தது. உடன்பிறந்தவன்மேல் அப்படி இருக்குமா என்றால், இருக்கும்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவனே என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு தாள். வேலையை விட்டு விலகுகிற கடிதம், இங்கிலீஷில் எழுதியிருந்தான்.

"நாளைக்குக் குடுக்கணும்க்கா. தப்பிருந்தா திருத்திக் குடு."

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. அவன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஒரு கமா போட்டேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். 'பதினோரு வருஷம் வாய்ப்பளித்ததற்கு நன்றி' என்ற வரி கீழே போயிருந்தது, அதை மேலே கொண்டுபோகச் சொன்னேன். அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்க்கா" என்று கிளம்பினான். வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டுகிற வரைக்கும் கூப்பிட்டிருக்கலாம்.

பழங்காநத்தத்தில் கடை திறந்தான். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கொண்டுவந்த கல்யாணக் கேசட் பூசணம் பிடித்து வெள்ளையாகக் கிடந்தது. பிறகு வாரத்துக்கு ஒருவர், பிறகு அதுவும் இல்லை. அவன் காலையில் கடையைத் திறந்து, இரண்டு டெக்கையும் துணியால் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். டைல்ஸ் கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. தம்பி மனைவி ஒரு தையல் யூனிட்டுக்குப் போக ஆரம்பித்தாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்லிப் பார்த்து அவன் கேட்கவில்லை என்றே எண்ணிக்கொண்டாள்.

ஆனியில் ஒரு மத்தியானம் கடைக்குப் போனேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே பக்கம். மாசியில் மட்டும் ஒரு மேடு, அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது.

"ஏக்கா, அந்தப் பத்து நாள் மட்டும் எப்படிக்கா ஏறுச்சு?" என்றான். "நானும் என்னென்னமோ யோசிச்சுப் பாத்துட்டேன். மாசின்னா நம்ம கோயில் கூட்டந்தான் ஞாபகத்துக்கு வருது. நீ குரூப்புல இருக்கீல்ல, அப்ப கேசட்டு கீசட்டுன்னு எதுவும் பேசிக்கிட்டாகளா?"

அவன் கேட்டதில் சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தன்மேல் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் போதும் அவனுக்கு. இப்போதாவது சொன்னால், நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்று அடுத்துக் கேட்பான். அந்தக் கடிதத்தில் நான் போட்ட கமா எனக்கு ஞாபகம் வந்தது.

"நான் அதெல்லாம் தெறந்தே பாக்கறதில்லப்பா" என்றேன்.

"அதான" என்றான். உடனே அவன் முகம் தெளிந்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருப்பியா?"

பிறகு, "வெயில்ல வந்திருக்க, உக்காருக்கா" என்று எழுந்து, தன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான்.